மதுரையை ஆண்ட கும்மந்தான்
முகம்மது யூசுப்கான் வாழ்வும் முடிவும்

நம் தமிழ்த்துறையின் இலக்கிய மன்றம் நடத்திய பேச்சுப் போட்டி ஒன்றில் இரு மாணவர் ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு நேர் எதிராகப் பேசினர். முன்னவர், கான்சாகிபு வெள்ளையரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய முதல் விடுதலை வீரர் என்றார். பின்னவர், பூலித்தேவரின் கோட்டைகளைத் தகர்த்து நெல்லைச் சீமையைக் கும்பினியின் காலடியில் கிடத்திய கூலிப்படைத் தலைவரே அவர் என்றார். முன்வரிசையில் வீற்றிருந்த ஊர்ப் பெரியோர் முன்னவருக்குக் கைதட்டினர். பின்னவர் பேசுகையில் முகம் சுளித்தனர். நடுவராக அமர்ந்திருந்த நமக்கு அன்று பெருஞ்சங்கடம். மொழித் தெளிவு, குரல் வளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒருவாறு பரிசை அறிவித்துவிட்டோம். ஆனால் இருவரும் கூறிய செய்திகள் உண்மையே என்பது நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

கும்மந்தான் என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். படைத்தலைவன் எனப் பொருள்படும் கமாண்டன்ட் என்னும் ஐரோப்பியச் சொல்லே மக்கள் நாவில் கும்மந்தான் என்றும் கம்மந்தான் என்றும் திரிந்தது. கம்பெனி கும்பினி ஆனதும் இவ்வாறே. ஒரு பதவிப் பெயரைத் தமிழ் மக்கள் இவ்வளவு உரிமையோடு ஒருவர்க்கே உரித்தாக்கி வழங்கியது அரிது. கும்பினியில் கும்மந்தான்கள் எத்தனையோ பேர் இருந்தனர். எனினும் மதுரையிலும் நெல்லையிலும் கும்மந்தான் என்றால் அது முகம்மது யூசுப்கான் ஒருவரையே குறித்தது. கல்லலில் நம் இளமைக் காலத்தில், அதிகாரம் செய்யும் பிள்ளைகளை முதியோர் கும்மந்தான் என்று கேலி பேசக் கேட்டிருக்கிறோம். அச்சொல்லுக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார் என்பதை நாம் அறிந்தது கல்லூரிக்கு வந்த பின்னரே.

அவர் பிறந்தது பழைய இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூர். காலம் 1725ஆம் ஆண்டை ஒட்டியது. வேளாளர் குடியில் பிறந்தவர் என்பதும், மருதநாயகம் என்பது இயற்பெயர் என்பதும் வழிவழியாகக் கூறப்பட்டு வரும் செய்திகள். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறினார். இசுலாத்தைத் தழுவி முகம்மது யூசுப்கான் ஆனார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் பணி புரிந்த காலத்தில் அவர்தம் மொழியையும் போர்முறையையும் அருகிருந்து கற்றார். பின்னர் நெல்லூர் சென்று படிப்படியாக உயர்ந்து சுபேதார் ஆனார். தமிழோடு உருது, ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசியம் ஆகியவற்றையும் பேச வல்லவராக இருந்தார். போர்த்துகீசிய வழிவந்த கிறித்தவப் பெண் ஒருவரை மணந்தார். மார்சா என்பது அவர் பெயர். மக்கள் அவரை மாசா அம்மாள் என்றனர். இந்துக் குடியில் பிறந்து, இசுலாமியராய் வாழ்ந்து, கிறித்தவப் பெண்ணை மணந்த ஒருவரை ஏதேனும் ஒரு கூட்டத்தார் தமக்கு மட்டும் உரியவர் என்று கொண்டாடுவது எளிதன்று.

1752ஆம் ஆண்டளவில் நெல்லூரிலிருந்து தம் சிப்பாய்களுடன் வந்து இராபர்ட் கிளைவின் படையில் அவர் சேர்ந்தார். கிளைவும் 1725இல் பிறந்தவரே. இருவரும் தொடக்கத்தில் பொருளும் செல்வாக்கும் அற்றவர்கள். ஆர்க்காட்டு நவாபின் அரியணைப் பூசலைப் பயன்படுத்தி உயர்ந்தவர்கள். ஒருவர் எங்கே சென்று சேர்ந்தார், மற்றவர் எங்கே சென்று சேர்ந்தார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

யூசுப்கானின் ஆற்றலை உலகம் அறிந்தது திருச்சிராப்பள்ளி முற்றுகையில். நவாபு முகம்மது அலிக்காக ஆங்கிலேயர் அக்கோட்டையைக் காத்து நின்றனர். பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் சூழ்ந்திருந்தனர். இத்தகைய போரில் வெற்றி தோல்வியை அறுதியிடுவது பீரங்கியைக் காட்டிலும் அரிசி மூட்டையே. தஞ்சைச் சீமையிலிருந்தும் தொண்டைமான் நாட்டிலிருந்தும் உணவு வண்டிகளைப் பகைவர் கண்ணில் மண்ணைத் தூவிக் கோட்டைக்குள் கொண்டு சேர்ப்பதில் யூசுப்கானுக்கு நிகர் எவரும் இல்லை. எந்த வழியில் காவல் தளர்ந்திருக்கிறது, எந்த ஒற்றன் உண்மை பேசுகிறான் என்பவற்றை நுட்பமாக அறிந்திருந்தார். படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்சு அவரைத் தம் வலக்கையாகவே கருதினார். 1754இல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் அவர் தலைவராக்கப்பட்டார், பொற்பதக்கமும் அளிக்கப்பட்டது.

அதே காலத்தில் அவர் உயிருக்கு உலைவைக்கும் சூழ்ச்சி ஒன்றும் நடந்தது. யூசுப்கான் மைசூராருடன் கள்ள உறவு கொண்டுள்ளார் எனக் காட்டும் பொய்க்கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் சிக்குமாறு செய்யப்பட்டது. அதைப் படித்துப் பொருள் கூறியவன் லாரன்சின் மொழிபெயர்ப்பாளனாகிய பொன்னியப்பன். ஆய்ந்து பார்த்தபோது, சூழ்ச்சியின் வேரே அவன்தான் எனத் தெரிந்தது. அவனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர். இருமொழி அறிந்த ஒருவன் நினைத்தால் ஒரு தளபதியின் தலையை உருட்டிவிட முடிந்த காலம் அது. மொழித்துறை மாணவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரை, நெல்லைச் சீமைகளுக்கு வரி தண்டச் சென்ற படையிலும் யூசுப்கான் இருந்தார். ஹெரானோ பேராசைக்காரர். கோவில்குடிக் கோயிலைச் சூறையாடித் திருவுருவங்களை எடுத்துச் சென்றார். படை திரும்புகையில் நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டு மக்கள் பாய்ந்து தாக்கித் தம் தெய்வங்களை மீட்டனர். ஹெரான் படைத்துறை விசாரணைக்கு உட்பட்டுப் பணி இழந்தார். மக்களின் வழிபாட்டிடத்தில் கைவைப்பது எவ்வளவு பெரும் பிழை என்பதை யூசுப்கான் அங்கே கண்கூடாகக் கண்டார். பின்னாளில் அவர் மதுரையை ஆண்ட முறையில் அப்பாடம் தெரிகின்றது.

1756இல் தென்சீமையை அடக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. நவாபின் அண்ணன் மாபுஸ்கான் தம்பிக்கு எதிராகத் திரும்பியிருந்தார். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்றுதிரட்டி வரி மறுத்திருந்தார். மதுரைக் கோட்டையை காப்டன் காலியாடும் யூசுப்கானும் முற்றுகையிட்டுப் பார்த்தனர்; முடியவில்லை. இறுதியில் 1757 செப்டம்பரில், உள்ளிருந்தோர்க்கு 1,70,000 ரூபாய் கொடுத்துத்தான் கோட்டையைப் பெற முடிந்தது. அதே ஆண்டின் இறுதியில் திண்டுக்கல் வழியே மதுரைச் சீமைக்குள் புகுந்து கொள்ளையிட்ட ஐதர் அலியை நத்தம் கணவாய் அருகே யூசுப்கான் எதிர்த்து விரட்டினார். பிற்காலத்தில் ஆங்கிலேயரை நடுங்க வைத்த ஐதரைப் புறங்காணச் செய்த பெருமை இவர்க்கு உண்டு.

அடுத்து வந்தது சென்னை முற்றுகை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி செயிண்ட் ஜார்ஜ் கோட்டையைச் சூழ்ந்தார். தெற்கிலிருந்து அழைக்கப்பெற்ற யூசுப்கான், செங்கல்பட்டிலிருந்த காப்டன் பிரஸ்டனோடு சேர்ந்து, முற்றுகையிட்டவரையே வெளியிலிருந்து முற்றுகையிட்டது போல் அலைக்கழித்தார். லாலியின் உணவு வழிகள் அறுபட்டன. 1759 பிப்ரவரியில் பரங்கிமலையில் கடும்போர் நிகழ்ந்தது. சில நாட்களில் ஆங்கிலக் கப்பல்கள் வரக்கண்டு லாலி முற்றுகையை நீக்கிச் சென்றார். சென்னை அன்று வீழ்ந்திருந்தால் இந்திய வரலாறே வேறாகியிருக்கும். அதைக் காத்தவருள் யூசுப்கான் முதன்மையானவர். பிரஸ்டன் என்னும் பெயரை வாசகர் நினைவில் கொள்க. அவரை மதுரை மதிலருகே மீண்டும் காண்போம்.

இப்பணிக்கு ஈடாக 1759இல், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை, நெல்லைச் சீமைகளின் ஆட்சி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நவாபுக்கு இதில் சிறிதும் உடன்பாடு இல்லை. தம் நாட்டைத் தம் பணியாள் போன்ற ஒருவர் ஆள்வதா என்பது அவர் மனக்குறை. ஆனால் கும்பினிக்குத் தேவை பணம். பணத்தைத் தவறாமல் தண்டித் தரவல்லவர் யூசுப்கான்.

அவர் ஆண்ட காலம் நான்கு, ஐந்து ஆண்டுகளே. எனினும் மக்கள் நெஞ்சில் அவர் பதிந்தது அக்காலத்தில்தான். முன்பிருந்தோர் கைப்பற்றியிருந்த மீனாட்சியம்மன் திருக்கோயில் மானியங்களை மீண்டும் கோயிலுக்கே உரிமையாக்கினார். நெசவாளரை ஆதரித்தார், வணிகப் பாதைகளைக் காவலுக்குள் கொணர்ந்தார், கோட்டையைச் செப்பனிட்டார், படைக்கருவிகளை மதுரையிலேயே செய்ய ஏற்பாடு செய்தார். அவர் பெயர் இன்றும் மதுரையில் கான்பாளையத்திலும் கான்சா மேட்டுத் தெருவிலும், வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்திலும் வழங்கி வருகின்றது. இசுலாமியர் ஒருவர் கோயில் மானியத்தை மீட்டளித்தார் என்பதை நாம் மேடைகளில் விரும்பிப் பேசுகிறோம். பேசத்தக்கதே. ஆனால் அதே கையால் அவர் மேலூர்ப் பகுதிக் கள்ளர்களை இரக்கமின்றி வேட்டையாடினார் என்பதையும் மறைத்தல் தகாது. அவர் நிலைநாட்டிய அமைதியின் ஒரு பாதி நீதியாலும் மறுபாதி அச்சத்தாலும் ஆனது.

பூலித்தேவரோடு நடந்த போர்களைப் பற்றியும் ஒளிவின்றிக் கூறவேண்டும். 1759 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிய யூசுப்கான் பெருஞ்சேதத்துடன் பின்வாங்கினார். மண்ணால் ஆன அம்மதில்கள் அவர்தம் பீரங்கிகளை எள்ளி நகையாடின. தளராது மீண்டும் மீண்டும் வந்து 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் கைப்பற்றினார். (இப்பனையூர் பூலித்தேவருடையது, இராமநாதபுரம் சீமையில் அவர் பிறந்த பனையூர் வேறு. தேர்வுத்தாள்களில் மாணவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதைக் கண்டு நாம் சிவப்பு மையைச் செலவழித்துள்ளோம்.) இடையில் 1760இல் தூத்துக்குடியிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை முன்னேறிய டச்சுக்காரரையும் பின்வாங்கச் செய்தார். பின்னர்த் திருவிதாங்கூருடனும் பொருதார். ஆக, 1761இல் தென்தமிழகத்தில் கும்பினியின் ஆணையை எதிர்க்கத்தக்க பெரும் பாளையம் ஒன்றையேனும் அவர் விட்டுவைக்கவில்லை. பின்னாளில் அவர் தனித்து நின்றபோது துணைக்கு வரத்தக்கவர் எவரும் எஞ்சவில்லை என்பதற்கு இதுவே காரணம். இப்பழியை வேறெவர் மீதும் சுமத்த நம்மால் இயலவில்லை.

1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. பிரெஞ்சு அச்சம் நீங்கியது. அச்சம் நீங்கியவுடன் காவலனின் விலையும் குறைந்தது. குத்தகையை உயர்த்தி 7 இலட்சமாகத் தருவதற்கும் யூசுப்கான் முன்வந்தார், பயனில்லை. மதுரையின் உரிமையாளர் நவாபே என்றும், யூசுப்கான் அவர்க்குக் கீழ்ப்பட்டவரே என்றும் சென்னை அரசு முடிவு செய்தது. தாம் கும்பினியின் தளபதி. நவாபின் குடியானவர் அல்லர் என்பதே யூசுப்கானின் எண்ணம். சென்னைக்கு வருமாறு ஆணை வந்தது. போனால் மீளமுடியாது என உணர்ந்து அவர் மறுத்தார். 1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. மார்ஷான் என்னும் பிரெஞ்சு அதிகாரியும் அவரைச் சார்ந்த ஐரோப்பிய வீரரும் அவரோடு சேர்ந்தனர்.

காலம் அவர்க்குப் பகையாயிற்று. கொடி ஏறிய அதே பிப்ரவரி அளவில், பல்லாயிரம் கல் தொலைவில் பாரிசு நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஏழாண்டுப் போர் முடிந்தது. முகம்மது அலியே கருநாடக நவாபு என்பதைப் பிரெஞ்சு அரசும் அதில் ஏற்றுக்கொண்டது. ஆக, யூசுப்கான் ஏற்றிய கொடிக்குப் பின்னே நிற்க ஒரு நாடு இல்லை. எந்தக் கப்பலும் அவர்க்காக வரப்போவதில்லை.

நம் சிவகங்கைச் சீமையின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது சிவகங்கையை ஆண்டவர் முத்துவடுகநாதத் தேவர். பிரதானி தாண்டவராய பிள்ளை. தாண்டவராய பிள்ளையும் இராமநாதபுரத்துத் தாமோதரம் பிள்ளையும், யூசுப்கான் தங்கள் ஊர்களைக் கொள்ளையிடுவதாகவும் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து பீரங்கி வார்ப்பதாகவும் முறையிட்டு நவாபின் பக்கம் நின்றனர். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. அண்டை வீட்டில் வலியவன் ஒருவன் எழுந்தால் தொலைவிலுள்ள வலியவனை நாடுவது அந்நாளைய அரசியல். அதன் விளைவை இருவரும் விரைவிலேயே அறிய நேர்ந்தது.

1763இல் கர்னல் மான்சன் தலைமையில் கும்பினிப் படையும் நவாபின் படையும் மதுரையைச் சூழ்ந்தன. இரட்டை மதிலும் அகழியும் கொண்ட கோட்டை அது. அதை வலுப்படுத்தியவரே உள்ளே இருந்தார். நவம்பர் மழை தொடங்கியதும் முற்றுகை கலைந்தது. 1764இல் மேசர் காம்பெல் புதிய வலிமையுடன் வந்தார். சூன் 26ஆம் நாள் மதிலைப் பிளந்து ஏறும் பெருந்தாக்குதல் நடைபெற்றது. மழைநீர் நிறைந்த அகழியைக் கடந்து மதிலேறிய படை பெருஞ்சேதமுற்றுப் பின்வாங்கியது. அத்தாக்குதலில் குண்டடிபட்டு மாண்டவர் பிரஸ்டன்; ஐந்து ஆண்டுகளுக்கு முன் பரங்கிமலையில் யூசுப்கானோடு தோளோடு தோள் நின்றவர். அவர் காத்த சென்னையிலிருந்தே அவரை அழிக்கும் படை வந்தது. அவர் பயிற்றிய சிப்பாய்களே அதில் இருந்தனர்.

போரால் வெல்ல இயலாது எனக் கண்ட காம்பெல், கோட்டையைச் சுற்றி வழிகள் அனைத்தையும் அடைத்தார். திருச்சியில் பட்டினியை வென்றவரைப் பட்டினியாலேயே வீழ்த்தினர் எனலாம். உள்ளே குதிரைகளையும் கழுதைகளையும் உண்ணும் நிலை வந்தது. வீரர் நாள்தோறும் மதில் தாண்டி ஓடினர். யூசுப்கான் தம் குடும்பத்தோடு வெளியேற வழிகேட்டுப் பேச்சு நடத்தினார், அது பலிக்கவில்லை. மார்ஷானுக்கும் அவர்க்கும் இடையே பூசல் முற்றியது. மார்ஷானும், யூசுப்கானின் திவானாகிய சீனிவாசராவும், மருத்துவராகிய பாபா சாகிபும் கூடித் தம் உயிரைக் காத்துக்கொள்ள வழி தேடினர்.

1764 அக்டோபர் 13ஆம் நாள் யூசுப்கான் தொழுகையில் இருந்தார். தொழுகையில் நிற்பவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் அந்நேரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவே. பலர் பாய்ந்து அவரைப் பிடித்து அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினர் என்பர். மறுநாள் அவர் காம்பெலிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், நவாபின் பாசறை அருகே தூக்கிலிடப்பட்டார். மனைவியும் இளங்குழந்தையாகிய மகனும் பகைவர் கையில் சிக்கினர். ஆணை நவாபினுடையது; பிடித்துக் கொடுத்த கை கும்பினியுடையது. இருமுறை கயிறு அறுந்தது, மூன்றாம் முறையே உயிர் பிரிந்தது என்று மக்கள் கூறுவர். உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும் கை கால்களைப் பிற ஊர்களுக்கும் அனுப்பினர் என்றும் வழக்கு உண்டு. இறந்த பின்னும் எழுந்துவிடுவாரோ என்று நவாபு அஞ்சியதாக மக்கள் எண்ணினர் என்பதற்கு இக்கதைகள் போதிய சான்று.

யூசுப்கானின் ஒத்த வயதினராகிய கிளைவு அந்நேரம் எங்கிருந்தார்? 1761இலேயே ஆங்கில நாடாளுமன்றத்தில் இடம் பெற்று, 1762இல் பிரபுப் பட்டமும் பெற்று, இரண்டாம் முறையாக வங்காளத்தின் ஆளுநராகக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். இருவருமே கும்பினிக்காகப் போர் புரிந்தனர். இருவருமே நாட்டை ஆள விழைந்தனர். கிளைவின் பேராசையை ஆங்கிலேயர் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டு விட்டுவிட்டனர். யூசுப்கானின் ஆசைக்குக் கயிறு கிடைத்தது. திறமையில் குறைவு கண்டு இவ்வேறுபாடு வந்ததன்று. கும்பினியில் தோல் கறுத்தவன் தளபதி ஆகலாம், அரசனாகக் கூடாது.

மதுரை வீழ்ந்து எட்டாண்டுகள் கடவாமுன், 1772 சூன் 25ஆம் நாள், அதே நவாபின் படையும் அதே கும்பினியின் படையும் காளையார்கோவிலில் புகுந்து முத்துவடுகநாதரைச் சுட்டு வீழ்த்தின. யூசுப்கானுக்கு எதிராக முறையிட்ட தாண்டவராய பிள்ளை, அரசி வேலுநாச்சியாருடன் விருப்பாட்சிக்குத் தப்பிச் சென்று ஐதர் அலியிடம் படை கேட்டுக் கடிதம் எழுத நேர்ந்தது. நத்தம் கணவாயில் யூசுப்கான் விரட்டிய அதே ஐதரிடம்! 1801இல் கர்னல் அக்னியூவின் ஆட்கள் நம் கல்லலுக்கு அருகிலுள்ள சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரை காட்டை வெட்டிப் பாதை அமைக்க முயன்ற கதையை நம் வட்டாரத்துப் பிள்ளைகள் நன்கறிவர். அப்பாதையின் தொடக்கம் சிறுவயலில் இல்லை, மதுரை மதிலடியில் 1764இலேயே இருக்கிறது என்பது நம் கருத்து.

அப்படியாயின் அவர் விடுதலை வீரரா, கூலிப்படைத் தலைவரா? அவர் 1763 வரை கும்பினியின் ஆள், அதில் ஐயமில்லை. 1763க்குப் பின் அவர் போரிட்டது நாட்டு விடுதலை என்னும் எண்ணத்திற்காக என்று கூறுவதற்கும் சான்று போதாது. தாம் உழைத்து உருவாக்கிய ஆட்சியை இழக்க மனமின்றியே போரிட்டார். ஆயினும், கும்பினியின் படைமுறையைக் கற்ற தமிழர் ஒருவர் அக்கும்பினியையே ஈராண்டு மதிலுக்கு வெளியே நிறுத்தி வைக்க முடியும் என்பதை அவர் காட்டினார். ஆங்கிலேயர் அதனை மறக்கவில்லை. தளபதி மால்கம் போன்றோர், இந்தியப் படைவீரருள் இவரைப் போல் துணிவும் திறமும் உடையவர் இலர் என்னும் பொருள்பட எழுதினர். 1914இல் எஸ். சி. ஹில் இவரைப் பற்றித் தனிநூலே இயற்றினார். தமிழில் பேராசிரியர் ந. சஞ்சீவி நூல் எழுதினார். கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. 1997இல் மருதநாயகம் என்ற பெயரில் தொடங்கிய திரைப்படம் பாதியில் நின்றுபோனது. அதனால் மாணவர் பலர் அவரைத் திரைப்படத் தலைப்பாகவே அறிந்துள்ளனர்.

சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தில் 1808இல் சேக் இமாம் என்பவர் தர்கா ஒன்றைக் கட்டினார். பேச்சுப் போட்டி முடிந்த சில வாரங்களில், எதிரெதிராகப் பேசிய மாணவர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு நாம் அங்கே சென்றோம். மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் காளவாசலைக் கடந்தால் சம்மட்டிபுரம் வந்துவிடும். சாலையின் இரைச்சல் உள்ளே வரை கேட்டது. நாம் பாத்திஹா ஓதி முடிக்கும்வரை இருவரும் பேசாமல் நின்றனர். திரும்பும் பேருந்தில் ஏறி அமர்ந்ததும் மீண்டும் வாதிடத் தொடங்கினர். திருப்பத்தூர் வந்தும் முடியவில்லை.